வாசலில் நின்று வாசித்த வாத்தியம்: ட்சுகாரு ஷாமிசென், ஒரு நிகழ்வு ஆய்வு

ஜப்பானின் பெருந்தீவான ஹோன்ஷுவின் வட கோடியில் அவோமோரி மாகாணம் இருக்கிறது. அதன் மேற்குப் பாதிக்கு ட்சுகாரு என்று பெயர். நடுவில் 1,625 மீட்டர் உயர இவாகி மலை, அதைச் சுற்றி ஆப்பிள் தோட்டங்கள், நெல்வயல்கள், பழைய கோட்டை நகரமான ஹிரோசாகி. வடக்கே கானாகி என்ற சிற்றூர். குளிர்காலத்தில் கடலிலிருந்து வரும் காற்று, விழுந்து கிடக்கும் பனியையே தரையிலிருந்து கிளப்பி அடிக்கும். அந்த வேளையில் எதிரே வருபவர் தெரியமாட்டார். வீட்டைச் சுற்றிப் பலகை வேலி கட்டி, கதவைச் சாத்திக்கொண்டு மக்கள் உள்ளே இருப்பார்கள்.

அந்தச் சாத்திய கதவுக்கு வெளியே நின்று வாசிக்கப்பட்டதுதான் ட்சுகாரு ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம். இந்த இசையின் வேகம், சத்தம், தோலில் விழும் அடி, தடித்த தண்டு எல்லாவற்றையும் அந்த வாசலிலிருந்து பார்த்தால்தான் காரணம் விளங்கும். இன்று பெரிய அரங்குகளில் பத்திருபது பேர் வரிசையாக உட்கார்ந்து வாசிப்பதைக் கேட்டு, இதை ஏதோ ராக் இசைக்காகப் பழுதுபார்த்த பழைய வாத்தியம் என்று நினைப்பவர்கள் உண்டு. ராக் இசை பிறப்பதற்கு முன்பே இந்த வாத்தியம் இப்படி ஆகிவிட்டது.

வாசித்தவர்கள் யார்

ஷாமிசென் ஜப்பானுக்கு வந்த வழி நீளமானது. சீனத்து மூன்று தந்தி வாத்தியம் ரியூக்யூ தீவுகளுக்கு (இன்றைய ஒகினாவா) வந்து பாம்புத் தோல் போர்த்திக்கொண்டது. 16ஆம் நூற்றாண்டில் ஒசாகா அருகே சகாய் துறைமுகத்தில் இறங்கியபின் பாம்புத் தோல் போய், பூனைத் தோலும் நாய்த் தோலும் வந்தன. ட்சுகாருவில் இதைக் கையில் எடுத்தவர்கள் பெரும்பாலும் கண் தெரியாத ஆண்கள். ஊர் அவர்களை ‘போசாமா’ என்றது. மரியாதைச் சொல்லைப் போல ஒலித்தாலும் அந்த அழைப்பில் மரியாதை குறைவு. பார்வையற்ற ஆண்களுக்கு அரசு ஏற்பு பெற்ற சங்கம் ஒன்று நாடு முழுக்க இருந்தது. 1871ல் மெய்ஜி அரசு அதைக் கலைத்துவிட்டது. அதன்பின் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல், வீடு வீடாகப் போய் வாசித்து அரிசியோ காசோ வாங்குவதுதான் பிழைப்பு. ‘கடோட்சுகே’ என்ற சொல்லுக்கு அதுதான் பொருள்: வாசலில் போய் நிற்பது. தெற்கே நிகாதா பகுதியில் இதே பிழைப்பைப் பார்வையற்ற பெண்கள் குழுவாகச் சேர்ந்து செய்தார்கள். ‘கோஸே’ என்று பெயர். அவர்களுக்குக் குழு விதிகளும் குருவீடும் இருந்தன. ட்சுகாருவின் போசாமாக்களுக்கு அந்த அளவு கட்டுக்கோப்பு கிடையாது. விதி இல்லாததால்தான் ஒவ்வொருவரும் தன் கைக்கு வந்தபடி வாசிக்க முடிந்தது.

இந்த வழியின் முதல் ஆளாகப் பரவலாகச் சொல்லப்படுபவர் கானாகியைச் சேர்ந்த நிதாபோ (1857–1928). படகோட்டியின் மகன், சிறுவயதில் பெரியம்மையில் பார்வை போனது. அவருடைய வாழ்க்கையை ஊர் ஊராகக் கேட்டுத் தொகுத்தவர் ஆய்வாளர் தாய்ஜோ கசுவோ. ஒரே ஆளிடமிருந்து ஒரு முழு இசைவழி பிறந்தது என்பதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய சீடர் வரிசை உறுதியானது. அந்த வரிசையில் வந்த ஷிராகாவா குன்பாச்சிரோ (1909–1962) இல்லாமல் இன்றைய தனி வாசிப்பு இல்லை.

முன்னிசை தனி இசையானது

20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் நாட்டுப்பாடல் குழுக்கள் ஊர் ஊராகப் போய் மேடை போட்டன. பாட்டு, ஆட்டம், தைகோ மேளம், ஷாமிசென் எல்லாம் ஒரே நிகழ்ச்சியில். இங்கே வாத்தியக்காரரின் வேலை பாடகருக்குத் துணை நிற்பது. பாட்டு தொடங்குமுன் சுருதியைக் காதில் ஏற்றச் சில வரி வாசிப்பார். இந்த முன்னிசைக்கு ‘மாஏபிகி’ என்று பெயர். பார்வையாளர்கள் கைதட்டத் தொடங்கியதும் முன்னிசை நீண்டது. நாலு வரி நாற்பது வரியானது. ஒரு கட்டத்தில் பாட்டே இல்லாமல் முன்னிசை மட்டும் ஒரு உருப்படியாக நின்றது. அதுதான் ‘கியோகுபிகி’, தனி வாசிப்பு.

இந்த வரலாறு கற்பவருக்கு நேரடியாகப் பயன்படும். புகழ்பெற்ற ட்சுகாரு ஜோங்காரா-புஷி தனி வாசிப்பில் தொடக்கத்தில் சுருதி சரிபார்ப்பதுபோல், விரலால் அழுத்தாத திறந்த தந்திகளை மெதுவாக அடிப்பார்கள். அது அலங்காரமாக வைத்தது இல்லை. சுருதி உண்மையிலேயே அங்கேதான் சரிபார்க்கப்படுகிறது. அந்த இடத்தை அவசரமாகத் தாண்டும் மாணவருக்கு மீதி மூன்று நிமிடமும் சுருதி கலைந்தே இருக்கும்.

ஜோங்காரா, யோசாரே, ஓஹாரா ஆகிய மூன்றும் இந்தப் பகுதியின் தலைப் பாடல்கள். இவற்றோடு ஆய்யா-புஷி, ட்சுகாரு சன்சகாரி இரண்டையும் சேர்த்து ஐந்து என்பார்கள். ஆய்யா-புஷி இந்த மண்ணில் பிறந்ததில்லை. கியூஷுவின் ஹாய்யா-புஷி என்ற துறைமுகப் பாட்டு, மேற்குக் கரையோரம் ஓடிய சரக்குக் கப்பல்களோடு வடக்கே வந்து சேர்ந்த வடிவம். மூடிய மூலை என்று நினைக்கும் ட்சுகாரு கடல்வழியில் எவ்வளவு திறந்திருந்தது என்பதற்கு இந்த ஒரு பாட்டு போதும்.

வாத்தியத்தின் உறுப்புகள்

ஷாமிசெனில் தண்டின் தடிமனைக் கொண்டு மூன்று வகை: மெல்லியது, நடுத்தரம், தடித்தது. ட்சுகாருவில் புழங்குவது தடித்த தண்டு. பொம்மலாட்டக் கதைசொல்லிகளின் கிதாயூ இசையிலும் தடித்த தண்டுதான். மொத்த நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். தண்டு மூன்று துண்டாகப் பிரியும். வழிநடைக்காரருக்கு இது பெரிய வசதி. பொருத்து முனை நுட்பமான வேலை. அங்கே மயிரிழை இடைவெளி விழுந்தாலும் அந்த இடத்தில் அழுத்தும் ஸ்வரம் அடைத்துக்கொள்ளும்.

தண்டில் வீணையைப்போல் மெட்டு கிடையாது. விரலை நகமும் சதையும் சேரும் விளிம்பில் அழுத்த வேண்டும். சதையால் மட்டும் அழுத்தினால் ஓசை மங்கும். நாளடைவில் நகத்தில் பள்ளம் விழும். அடிக்கடி அழுத்தும் இடங்களில் மரத்திலும் பள்ளம் விழும். விழுந்தால் சுருதி பிசகும், கைவினைஞரிடம் கொடுத்துத் தண்டை இழைத்துச் சமன் செய்ய வேண்டும். அதனால்தான் கெட்டியான மரத்துக்கு மதிப்பு. மிக உயர்ந்ததாகக் கருதப்படும் தண்டு மரத்தை ஜப்பானியர் ‘கோகி’ என்கிறார்கள். அது நம் பக்கத்துச் செம்மரம்தான், செஞ்சந்தனம். கடப்பா, சித்தூர் பகுதிகளின் சேஷாசலம் மலைக்காடுகளில் மட்டுமே பெருவாரியாக விளையும் மரம். இழைத்த தண்டில் அலையலையாக மின்னும் ரேகை இருந்தால் விலை பல மடங்கு ஏறும். 1995 முதல் இந்த மரம் அழியும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. காட்டில் வெட்டிய மரத்தை ஏற்றுமதி செய்ய இந்தியா அனுமதிப்பதில்லை. 2015 ஏப்ரலில் அந்தக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு மலையூர்களிலிருந்து மரம் வெட்டப் போனவர்கள். ஒரு வாத்தியத்தின் மரம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தமிழில் எழுதும்போது இதைச் சொல்லாமல் கடக்க முடியாது. புதிதாக வாங்குபவர்கள் காரின் என்ற மரத்தில் செய்த தண்டை வாங்கினால் போதும். முதல் பத்து ஆண்டுப் பயிற்சிக்கு அதில் எந்தக் குறையும் வராது.

உடல் நான்கு பலகை சேர்த்த சதுரப் பெட்டி. இரு பக்கமும் நாய்த் தோல். மற்ற ஷாமிசென் வகைகளில் பூனைத் தோல் பெயர் பெற்றது. பலமான அடியை அது தாங்காது. தோலை நனைத்து, ஓரங்களை மரக் கவ்விகளால் பிடித்து, பெட்டியின் விளிம்பில் பசையரிசி மாவுப் பசை தடவி, கயிறும் ஆப்பும் கொண்டு இழுத்துக் காயவைப்பார்கள். எவ்வளவு இழுக்கலாம் என்பதை விரலால் தட்டிக் கேட்டே முடிவு செய்வார்கள். ட்சுகாருவுக்குக் கிழியும் எல்லைக்கு அருகே இழுப்பார்கள், அப்போதுதான் அந்தக் கணீர் ஓசை வரும்.

அதனால்தான் தோல் கிழிவது இந்த வாத்தியத்தின் தலையாய தொல்லை. ஜூன், ஜூலை மழைக்காலத்தில் பசை ஈரம் குடித்து இளகும், ஓரம் தூக்கும். பிறகு குளிர்சாதன அறையிலோ மேடை விளக்குக்கு அடியிலோ தோல் திடீரென்று காய்ந்து சுருங்கும். இளகிய ஓரமும் சுருங்கும் நடுவும் ஒன்றையொன்று இழுக்க, ‘படீர்’ என்று பிளக்கும். வாசிக்காமல் உறைக்குள் வைத்திருக்கும்போதே இது நடக்கும். வாசித்து முடித்ததும் தோல்மேல் நின்று தந்திகளைத் தாங்கும் குதிரையை எடுத்துவிட வேண்டும், உடலைக் காகிதப் பையில் போட்டு ஈரம் உறிஞ்சும் தாளோடு வைக்க வேண்டும். குதிரையை நிற்கவிட்டு மறந்துபோவதுதான் புதியவர்கள் தோலை இழக்கப் பொதுவான காரணம். இப்போது செயற்கைத் தோலும் கங்காரு தோலும் வந்திருக்கின்றன. பயணம் போகிறவர்களுக்குச் செயற்கைத் தோல் நிம்மதி. ஆனால் அடியின் கடைசியில் வரும் அந்த உலர்ந்த வெட்டு அதில் சற்றுக் குறையும்.

குதிரை சிறியது, மூங்கிலில் செய்து மேலே எலும்போ ஆமையோடோ பதித்தது. ட்சுகாருவுக்குரிய உயரம் 2.6 ‘பு’ அளவில், அதாவது ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் கூடினாலும் தந்தி தண்டிலிருந்து எழும்பி, இடது கைக்குச் சுமையாகும். குறைந்தால் தந்தி தண்டில் மோதிச் சலசலக்கும். இரண்டு மூன்று உயரத்தில் குதிரைகளை வைத்துக்கொண்டு, தோல் தளர்ந்த நாளில் உயர்ந்ததையும் இறுகிய நாளில் தாழ்ந்ததையும் போடுவது நல்ல பழக்கம்.

தந்தியை முறுக்கும் பிரடைகள் வெறும் உராய்வில் நிற்பவை. சுருதி இறங்கிக்கொண்டே இருந்தால் பிரடையைத் திருப்பும்போதே உள்ளே அழுத்த வேண்டும். அப்படியும் வழுக்கினால் சுண்ணக்கட்டிப் பொடி தேய்ப்பார்கள்.

இரைச்சல்தான் உயிர்

முதல் தந்தி, அதாவது தடித்த தந்தி, தண்டின் தலைப்பகுதியில் மற்றத் தந்திகளைத் தாங்கும் மேட்டில் ஏறி நிற்காமல் மரத்தின் ஓரத்தை லேசாக உரசும். அந்த உரசலில் பிறக்கும் ‘ஞீ’ என்ற இரைச்சலுக்கு ‘சவாரி’ என்று பெயர். தம்புராவின் குதிரைமேல் நூலை இடுக்கி நாம் எதை வரவழைக்கிறோமோ, அதே தேவையின் வேறொரு வடிவம். ட்சுகாரு ஷாமிசெனில் இதைச் சரிசெய்யத் தண்டின் பின்புறம் ஒரு சிறு திருகாணி இருக்கும். அதை மெல்லத் திருகினால் முன்பக்கம் ஒரு குமிழ் எழும்பித் தந்தியைத் தொடும். அதிகம் எழும்பினால் ஓசை அடைத்துக்கொள்ளும், குறைந்தால் இரைச்சலே வராது. இடையில் ஓரிடத்தில் ஓசை திறக்கும், அங்கே நிறுத்த வேண்டும்.

சவாரி வெறும் நிறத்துக்காக மட்டும் இல்லை. இரண்டாம், மூன்றாம் தந்தியை மீட்டும்போது சுருதி சரியாக இருந்தால் தொடாத முதல் தந்தியும் ஒத்து அதிர்ந்து இரையும். பிசகினால் மௌனமாகிவிடும். கண் தெரியாதவர் கூதலில் விறைத்த விரலோடு வாசலில் நின்று சுருதி பார்க்க இதைவிடச் சிறந்த கருவி இல்லை. மின்னணுச் சுருதிக் கருவி சட்டைப்பையில் இருக்கிற இன்றும் இதைக் காதால் கேட்டே சேர்க்கப் பழக வேண்டும்.

மூன்று சுருதிமுறைகள். அடிப்படை முறை ஹோன்சோஷி: ச, ம, மேல் ச. இரண்டாம் தந்தியை ஒரு முழு ஸ்வரம் ஏற்றினால் நிஆகாரி: ச, ப, மேல் ச. ஜோங்காரா இதில்தான். ஹோன்சோஷியிலிருந்து மூன்றாம் தந்தியை இறக்கினால் சன்சகாரி: ச, ம, கைசிகி நிஷாதம். ஆதார ஸ்ருதியைப் பாடகர் எண்ணில் சொல்வார். ‘நான்கு’ என்றால் மேற்கத்திய ‘சி’. எண் ஒவ்வொன்று கூடினால் அரை ஸ்வரம் ஏறும். நெடுங்காலம் காதால் மட்டுமே வந்த இந்த இசைக்கு இப்போது மூன்று கோட்டில் எண்கள் எழுதும் குறிமுறையும் புழங்குகிறது. 0 திறந்த தந்தி, 4 மத்யமம், 6 பஞ்சமம், 10 மேல் ஸ்தாயி ஷட்ஜம். குறிப்பு எங்கே அழுத்துவது என்று சொல்லும், எவ்வளவு பலமாக அடிப்பது என்று சொல்லாது. ட்சுகாருவில் பாதி இசை அந்தப் பலத்தில் இருக்கிறது.

அடியும் மீட்டலும்

வலது கையில் பிடிப்பது ‘பாச்சி’. கைப்பிடியிலிருந்து விசிறிபோல் விரியும் தட்டை. ட்சுகாரு பாச்சி மற்ற வகைகளைவிடச் சிறியது, நுனி வளையும் அளவு மெல்லியது. நுனிக்கு ஆமையோடு சிறந்தது. ஆமையோட்டு இறக்குமதியை ஜப்பான் 1992 கடைசியோடு நிறுத்திவிட்டதால் இருப்பில் உள்ளதே ஓடுகிறது. பயிற்சிக்குச் செயற்கைப் பொருள் போதும். ஆமையோட்டைப் பூச்சி அரிக்கும் என்பதால் பூச்சி மருந்தோடு வைக்க வேண்டும்.

பிடிப்பு இப்படி: மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே கைப்பிடி நுழையும், கட்டைவிரல் தட்டையின் கழுத்தில் வளைந்து நிற்கும். முன்கை வாத்திய உடலின் மேல்விளிம்பில் படிந்திருக்கும், அசைவு மணிக்கட்டில். தந்தியை அடித்த வேகத்தில் பாச்சி தோலிலும் விழ வேண்டும். தந்தியும் தோலும் ஒரே கணத்தில் ஒலித்தால் மீட்டலும் மேளமும் சேர்ந்த ஒரே ஓசை. தனித்தனியாக இரண்டு ஓசை கேட்டால் பாச்சி சாய்ந்து விழுகிறது என்று பொருள். தோள்பட்டையிலிருந்து அடிப்பவர் இரண்டு நிமிடத்தில் களைத்துப்போவார், வேகம் இறங்கும். தொடையில் ரப்பர் துண்டு வைக்காவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் வாத்தியம் வழுக்கி, இடது கை அதைத் தாங்கப் போய் ஸ்வரம் தவறும். பலரும் விரல் பயிற்சி போதவில்லை என்று நினைக்கும் குறை, பல நேரம் இந்த ரப்பர் துண்டு இல்லாத குறைதான்.

கீழ்நோக்கி அடிப்பதோடு நுனியால் மேல்நோக்கிக் கொக்கிபோல் இழுப்பதும் உண்டு. இடது கை விரலாலேயே தந்தியைச் சுண்டலாம், தட்டலாம், வழுக்கலாம். இடது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நூலால் பின்னிய சிறு பட்டை அணிவது கை தண்டில் வழுக்கி ஓடுவதற்காக. வியர்த்த கை மரத்தில் ஒட்டினால் வேகம் வராது.

இரண்டு கைகள்: கிதாவும் சிகுசானும்

ஒரே காலத்தில், ஒரே மாகாணத்தில் இரண்டு எதிரெதிர் வழிகள் வளர்ந்தன. கிதா ரின்ஷோஏய் (1911–1979) ‘ததாகி’, அதாவது அடி வழி. தோல் அதிரும், பெரிய அரங்கின் கடைசி வரிசை வரை போகும். தகாஹாஷி சிகுசான் (1910–1998) ‘ஹிகி’, மீட்டல் வழி. ஒவ்வொரு ஸ்வரமும் முழுதாக ஒலித்து அடங்க இடம் விடுவார்.

சிகுசான் ட்சுகாருவின் கிழக்கு ஓரத்தில், ஹிராநாய் பகுதியில் பிறந்தவர். தட்டம்மையில் சிறுவயதிலேயே பார்வை பெரும்பாலும் போயிற்று. பதின்வயதில் தோதா ஜூஜிரோ என்ற போசாமாவிடம் சேர்ந்து, வடகிழக்கு ஜப்பானிலும் ஹொக்கைடோவிலும் வாசல் வாசலாக நடந்தார். 1944ல் ஹாசினோஹேயில் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்து அக்குபங்சர் கற்றார். இசையை விட்டு வேறு பிழைப்புக்கு வழி தேடிய காலம் அது. 1950ல் பெரும் பாடகர் நரிதா உன்சிகுவுக்குத் துணை வாசிக்கத் தொடங்கினார். ‘சிகுசான்’ என்ற பெயரும் அவர் கொடுத்ததுதான். 1963ல் தனி வாசிப்பு இசைத்தட்டு வந்தது. 1973 முதல் டோக்கியோ ஷிபுயாவில் தேவாலயம் ஒன்றின் நிலவறையில் இருந்த ஜான்ஜான் என்ற சிற்றரங்கில் தொடர்ந்து வாசித்தார். திரண்டு வந்தவர்கள் நகரத்து இளைஞர்கள்.

அந்த நிலவறையில் அவருக்குச் சத்தம் தேவைப்படவில்லை. அவர் துணை வாசிப்பாளராகப் பல ஆண்டு உழைத்தவர். பாடகரின் மூச்சு முடியும் இடத்தில் விலகத் தெரிந்தவர். தனி வாசிப்பிலும் பாடாத ஒரு பாடகருக்கு இடம் விட்டே வாசித்தார். இந்த இசைக்கு உலகின் செவியைத் திருப்பியவர்களில் முதலிடம் அவருக்குத்தான் தர வேண்டும், அது வேகத்தால் கிடைத்ததில்லை.

போட்டி மேடையும் இசைக்குழுக்களும்

1982ல் ஹிரோசாகியில் தேசிய அளவிலான ட்சுகாரு ஷாமிசென் போட்டி தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் யாமாதா சிசாதோ. பின்னர் கானாகியிலும் பிற நகரங்களிலும் போட்டிகள் வந்தன. இளைஞர் கூட்டம் பெருகியதற்கும், பார்வையற்றோரின் பிழைப்பாக இருந்தது எல்லோருக்குமான கலையாகியதற்கும் இந்தப் போட்டிகள் பெரிய காரணம். 1999ல் முதல் இசைத்தொகுப்போடு அறிமுகமான யோஷிதா சகோதரர்கள், ரியோயிசிரோவும் கெனிசியும், ஹொக்கைடோவின் நோபோரிபெத்சுவைச் சேர்ந்தவர்கள். போட்டிகளில் வளர்ந்த கை அவர்களுடையது. மேளம், கிட்டார், கணினி இசையோடு இரண்டு ஷாமிசென்களைச் சேர்த்து வைக்கும் குழுக்களுக்கு அவர்களே வழி திறந்தார்கள்.

குழுவாக வாசிப்பதில் தொல்லை வேறு மாதிரி. தனியாக வாசிப்பவர் நடுவில் ஒரு திறந்த தந்தியை அடித்துக்கொண்டே பிரடையைத் திருகிச் சுருதியைச் சரிசெய்துகொள்வார். கேட்பவருக்கு அது இசையின் பகுதியாகவே படும். பதினைந்து பேரில் ஆளுக்கொரு நேரம் அப்படிச் செய்தால் மொத்தமும் கலங்கிவிடும். அதனால் தந்திகளை முந்தின நாளே கட்டி, கையால் பலமுறை இழுத்து நீட்சியை எடுத்துவிட வேண்டும். எல்லோரும் ஒரே உயரக் குதிரையும் ஒரே வகைத் தந்தியும் போட வேண்டும். மேடையேறும் அறையின் குளிர் மேடையின் குளிரோடு ஒத்திருக்க வேண்டும். சவாரி ஆளுக்கு ஒரு அளவில் இருந்தால் சுருதி சரியாக இருந்தும் சரியில்லாததுபோல் கேட்கும். ஒத்திகையில் முதல் கால்மணி நேரத்தை முதல் தந்தி ஒன்றுக்கே கொடுத்துவிடலாம், வீணாகாது.

ஒலிவாங்கி வைப்பதிலும் கவனம் தேவை. தோலுக்கு நேர் எதிரே நெருக்கி வைத்தால் பாச்சியின் அடி மட்டும் தூக்கலாகி, தந்தி காணாமல் போகும். சற்று விலக்கி, தண்டும் உடலும் சேரும் பக்கம் சாய்த்தால் இரண்டும் சமமாக வரும்.

போட்டியில் ஒருவருக்குக் கிடைப்பது மூன்று நான்கு நிமிடம். அதற்குள் எல்லா நுட்பத்தையும் காட்ட வேண்டியிருப்பதால் தொடக்கத்தின் மெல்லிய பகுதி சுருங்குகிறது, நடுவே வேகப் பகுதி வீங்குகிறது, ஒருவர் வாசித்த வெற்றி உருப்படியை அடுத்த ஆண்டு இருபது பேர் அப்படியே வாசிக்கிறார்கள். கணத்தில் கட்டி வாசிப்பதே உயிராக இருந்த இசைக்கு இது நல்லதில்லை. இதற்கு மருந்து வெளியே இல்லை, பழைய வேலையிலேயே இருக்கிறது: பாட்டுக்குத் துணை வாசிப்பது, ‘உதாட்சுகே’. சில போட்டிகள் அதற்குத் தனிப்பிரிவே வைத்திருக்கின்றன.

துணை வாசிப்பு ஏன் கடினம் என்றால், தைகோ மேளம் ஒரே நடையில் போய்க்கொண்டிருக்கும், பாடகரோ அந்த நடைக்குக் கட்டுப்படாமல் ஒரு உயிரெழுத்தை நீட்டி, குரலைச் சுழற்றி, மூச்சு தீரும்போதுதான் இறங்குவார். எப்போது இறங்குவார் என்று முன்கூட்டித் தெரியாது. ஷாமிசென் இரண்டுக்கும் நடுவில் நடக்க வேண்டும். மேளத்தின் நடை தவறக்கூடாது, குரலின் மேல் ஏறவும் கூடாது. குரல் நீளும்போது திறந்த தந்திகளில் மென்மையாக நின்று, பாடகர் மூச்சு வாங்கும் அந்த ஒரு இடைவெளியில் மட்டும் பாய்ந்து நிரப்பி, அடுத்த சொல் வாயைத் திறக்குமுன் விலகிவிட வேண்டும். கற்கத் தொடங்குபவர் முதல் ஆறு மாதத்தில் ஜோங்காராவின் ஒரு கண்ணியையாவது தானே வாய்விட்டுப் பாடிப் பழகட்டும். குரல் மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. மூச்சு எங்கே தீர்கிறது என்பது வலது கைக்குத் தெரிந்தால் போதும்.